வெறுந்தொட்டிலின் கனம்

இது நடந்தது. நடந்த வீடு பினாங்கு ஜார்ஜ் டவுனில், கிரீன் லேனை ஒட்டிய ஒரு சந்தில் இன்றும் இருக்கிறது. அதில் ஒரு குடும்பம் சந்தோஷமாகக் குடியிருக்கிறது. அதனால் சந்தின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். மற்றதெல்லாம் ஐரீன் சொன்னது சொன்னபடி.

ஐரீனுக்குக் கதை கட்டத் தெரியாது. கடைக்குப் போய் மீன் வாங்கி வந்ததைச் சொல்கிற குரலில்தான் இதையும் சொன்னாள். எந்த இடத்திலும் குரல் ஏறவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

ராத்திரியில் நடந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எல்லாம் பட்டப்பகலில், சன்னல் திறந்திருக்க, பக்கத்து வீட்டில் சம்பால் தாளிக்கும் வாசனை வந்துகொண்டிருந்த நேரத்தில் நடந்தது.

ஐரீனுக்குத் தொழில், குழந்தைகளுக்கு அறை அமைத்துக் கொடுப்பது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீடுகளில் பெயிண்ட் நிறம் பார்க்க யாருக்கு நேரம்? சாவியை ஐரீனிடம் கொடுத்துவிட்டால் போதும். சுவர், விளக்கு, அலமாரி, திரைச்சீலை, பொம்மைத் தட்டு எல்லாம் நடந்துவிடும். மரவேலை, இரும்பு வேலை, மின்சாரம் எல்லாம் அவள் கணவன் செபாஸ்டியனின் பொறுப்பு. வீட்டுக்காரர்கள் காலையில் கிளம்பிய பிறகு வருவார்கள். அவர்கள் திரும்புவதற்குள் போய்விடுவார்கள்.

இந்தத் தொழிலில் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். சீனர் வீடுகளில் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். துளை போடுவதையெல்லாம் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். தமிழர் வீடுகளில் நேர்மாறு. பிள்ளை பிறந்து அழுகிற சத்தம் காதில் விழும்வரை ஒரு சட்டைகூட வாங்க மாட்டார்கள். பிறந்தபின் ஓடு ஓடு என்று ஓட வேண்டும். முப்பதாம் நாள் பெயர் வைத்துத் தொட்டிலில் போடுவதற்குள் அறை தயாராகிவிட வேண்டும்.

சுபாஷினியின் வீடும் அப்படித்தான். அவளும் கணவன் மோகனராஜும் பாயான் பாரு பக்கம் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. அந்த வீட்டை வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பழைய ஒற்றை மாடி வீடு. குழந்தை பிறந்ததும் சுபாஷினி பத்தியத்துக்கு புக்கிட் மெர்த்தாஜாமில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மோகனராஜும் அங்கிருந்தே வேலைக்குப் போய் வந்தான். வீடு காலி. இருந்தது இரண்டே சாவி. ஒன்று மோகனராஜிடம். இன்னொன்று ஐரீனிடம்.

"வெள்ளை செவுரு, கீழ ஒரு நீலப் பட்டை, மேல மேகம். தொட்டில் மோட்டார் தொட்டில். அவ்ளோதான் அக்கா," என்றாள் சுபாஷினி தொலைபேசியில். "ஒரு விஷயம். வெறுந்தொட்டில மட்டும் ஆட்டிறாதீங்க. எங்கம்மா கொன்னுருவாங்க."

"வெறுசா யாரு ஆட்டுவா? நீ பிள்ளையப் பாரு," என்றாள் ஐரீன்.

இந்த ஊரில் அந்தத் தொட்டிலைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. மேலே விட்டத்தில் ஒரு கொக்கி. கொக்கியில் ஒரு நீள ஸ்பிரிங். ஸ்பிரிங்கில் சாரத் துணியில், அதாவது கைலியில், ஒரு தூளி. பிள்ளையைப் போட்டதும் ஸ்பிரிங் நீண்டு தூளி கீழே இறங்கும். எடுத்ததும் மேலே ஏறிக்கொள்ளும். பிள்ளையின் கனம் எவ்வளவோ, இறக்கமும் அவ்வளவு. ஆட்டுவதை மோட்டார் பார்த்துக்கொள்ளும்.

கொக்கிக்கு விட்டத்தில் துளை போட வேண்டும் என்றுதான் செபாஸ்டியன் ஏணியில் ஏறினான். ஏறியவன் சிரித்தான்.

"ஏய், இங்க ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

பழைய கொக்கி. அதன்மேல் பெயிண்டை அப்பியிருந்தார்கள். சுரண்டினால் கனமான இரும்பு. செபாஸ்டியன் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை.

"என் தொப்பையவே தாங்குது. பச்சப் புள்ளயத் தாங்காதா?"

ஒரு துளை மிச்சம். ஐரீனும் சரி என்றாள். அவள் செய்த முதல் தவறு அது.

இரண்டாவது தவறு அன்று மத்தியானமே நடந்தது.

தொட்டில் ஆடுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி சுபாஷினி செய்தி போட்டிருந்தாள். வெறுமையாக ஆட்டக்கூடாது. காலையில் பசாரில் வாங்கிய ஐந்து கிலோ அரிசிப் பை வாசலில் நிறுத்தியிருந்த காடியில் கிடந்தது. ஐரீன் அதை எடுத்து வந்தாள். நெகிழிப் பை வீடியோவில் அசிங்கமாகத் தெரியும். சுற்ற ஒரு துணி வேண்டும். மேசைமேல் ஒரு மஞ்சள் துவாலை இருந்தது. குழந்தையை மருத்துவமனையிலிருந்து சுற்றிக்கொண்டு வந்த துவாலை. கண்ணாடிச் சட்டம் போட்டு அறையில் மாட்டுவதற்காக, துவைக்க வேண்டாம் என்று சொல்லி சுபாஷினி கொடுத்து அனுப்பியது.

ஐரீன் அரிசிப் பையை அதில் சுற்றினாள். தலைப்பக்கம் மடித்து, கால்பக்கம் செருகி, ஒரு பிள்ளையைச் சுற்றுவதுபோலவே சுற்றினாள்.

"அப்படியே மோகனராஜ் ஜாடை," என்றான் செபாஸ்டியன்.

தூளியில் போட்டு மோட்டாரைத் தட்டினாள். க்ரீச்... க்ரீச்... தொட்டில் ஆடியது. வீடியோவுக்கு நன்றாக இருக்கட்டும் என்று நாலு இழுப்பு தாலாட்டும் பாடினாள். எடுத்தாள், அனுப்பினாள். சுபாஷினி பதிலுக்கு நாலு இதயம் போட்டாள்.

அரிசியை எடுத்ததும் ஸ்பிரிங் டிங் என்று மேலே ஏறியது.

ஐரீன் திரும்பித் துவாலையை மடித்தாள்.

பின்னால்... க்ரீச்.

திரும்பிப் பார்த்தாள். தூளி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. புது ஸ்பிரிங், பதிய வேண்டாமா என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களில் சுவர் வேலை. நீலப் பட்டையை அளந்து ஒட்டு நாடா ஒட்டி அடித்தாள். வெறுந்தூளியின் அடிப்பக்கம் பட்டையின் மேல்விளிம்புக்கு இரண்டு சாண் மேலே தொங்கியது. கண்ணுக்கு நன்றாக இருக்கிறது என்று பார்த்தே வைத்த அளவு. அதனால் அவளுக்கு மறக்கவில்லை.

ஒரு காலையில் பார்த்தால் ஒன்றரைச் சாண்.

ஸ்பிரிங் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டு வேறொன்று வாங்கி வந்து மாட்டினாள். அன்று மாலை கிளம்பும்போது சரியாக இருந்தது. மறுநாள் காலையில் ஒரு சாண்.

கழற்றிக் கூடத்துக்குக் கொண்டு போனாள். அங்கே சன்னல் கம்பியில் மாட்டிப் பார்த்தாள். ஸ்பிரிங் சுருக்கென்று சுருங்கிக்கொண்டது. ஒரு குறையும் இல்லை. அறைக்குக் கொண்டு வந்து பழைய கொக்கியில் மாட்டினாள்.

க்ரீச்... என்று மெதுவாக, நீலப் பட்டையைத் தொடும்வரை இறங்கியது. யாரோ பார்த்துப் பார்த்துக் கிடத்துகிற மாதிரி.

மோட்டாரின் மின்கம்பி சுவரில் செருகப்படவே இல்லை.

ஐரீனுக்குப் பயம் வரவில்லை. அதை அவளே அழுத்திச் சொன்னாள். பயம் வர வேண்டிய இடம் காலியாக இருந்ததாம். தூரிகையை எடுத்து மேகம் வரையப் போனாள். மூன்று மேகம் வரைந்தாள்.

நான்காவது மேகத்தில் தொலைபேசி மணி அடித்தது. சுபாஷினி. எடுத்ததும் அழுகை.

"அக்கா, தம்பிக்கு வெயிட் ஏறவே இல்ல அக்கா. கிளினிக்லேருந்து நர்ஸ் மிஸ்ஸி வந்து பாத்துட்டுத் திட்டிட்டுப் போறாங்க. பொறக்கும்போது மூணு கிலோ. இப்ப ரெண்டரை."

"பால் குடிக்கிறானா?"

"குடிச்சிக்கிட்டே இருக்கான் அக்கா! ராப்பகலா குடிக்கிறான். குடிக்கிற பாலு எங்க போகுதுன்னே தெரியல. டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துட்டாரு. ஒண்ணும் இல்லைங்கிறாரு. அழுறதுகூட இல்ல. சும்மா மேல பாத்துக்கிட்டே இருக்கான்."

"எப்போலேருந்து?"

"நீங்க வீடியோ அனுப்புனீங்கள்ல... அன்னைக்கு வந்த மிஸ்ஸி நல்லா இருக்கான்னுதான் சொன்னாங்க. அதுக்கப்புறந்தான் அக்கா."

ஐரீன் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே தூளியைப் பார்த்தாள்.

அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

"பயப்படாத. சரியாயிரும்," என்று மட்டும் சொன்னாள்.

வேலையை முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். இன்னும் கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளையை இதே தொட்டிலில் கொண்டு வந்து போடுவார்கள். அதுவரை அவன் உடம்பில் என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்தாள். போக முடியவில்லை.

சந்துமுனைக் கடைக்குப் போய் மூன்று பாக்கெட் சீனி வாங்கினாள். ஒரு கிலோவில் இரண்டு, அரைக் கிலோவில் ஒன்று. முதலில் வாங்கிய ஸ்பிரிங் காடியில் இருந்தது. இரண்டும் ஒரே கடை, ஒரே அளவு. அதைக் கூடத்தில் அதே உயரத்தில், அதேபோல ஒரு தூளியோடு மாட்டினாள். அறையில் தொங்குவது எவ்வளவு இறங்கியிருக்கிறதோ, அவ்வளவு இறங்கும்வரை சீனியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள்.

அரைக் கிலோ போதவில்லை.

ஒரு கிலோவும் போதவில்லை.

இரண்டு கிலோ அதிகம்.

ஒன்றரையில் நின்றது.

பிள்ளை இழந்தது அரைக் கிலோ. அது அவளுக்குப் புரிந்தது. மிச்சம் ஒரு கிலோ எங்கிருந்து வந்தது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

அறைக்குள் போனாள். தூளியின் வாயை விரித்துப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை. துணி மட்டும். நடுவில் ஒரு குழி.

இடது கையை உள்ளே விட்டாள்.

சூடும் இல்லை, சில்லிப்பும் இல்லை. எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் கை மரத்துப் போனது. தூங்குகிற பிள்ளையை வெகுநேரம் ஏந்தியிருந்தால் முழங்கையிலிருந்து மரத்துக்கொண்டு வருமே... அப்படி.

கையை எடுத்தாள். தொட்டிலைக் கொக்கியிலிருந்து கழற்றிச் சுருட்டினாள். கூடத்து அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். வீட்டைப் பூட்டினாள். மோகனராஜைக் கூப்பிட்டு, "இன்னைக்கு வீட்டுப் பக்கம் வருவியா தம்பி?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. ஓவர்டைம். ஏன்?"

"சும்மா. பெயிண்ட் காயணும்."

மறுநாள் காலை. பூட்டு பூட்டியபடி இருந்தது. கூடத்து அலமாரி திறந்திருந்தது.

அறையில்... தொட்டில் தொங்கியது.

நேற்றுப் போலவே நீலப் பட்டையைத் தொட்டுக்கொண்டு.

ஐரீன் வாசலிலேயே நின்று செபாஸ்டியனைக் கூப்பிட்டாள். அவன் தெலோக் பஹாங் பக்கம் வேறொரு வேலையில் இருந்தான்.

"கிரைண்டர எடுத்துக்கிட்டு வாங்க. அந்தக் கொக்கிய அறுக்கணும்."

"ஏன்? என்ன ஆச்சு?"

"துரு."

"துருவா? அன்னைக்கு என்னையே தாங்குச்சு லா."

"வாங்கன்னா வாங்க."

அவன் வருவதற்கு மத்தியானம் தாண்டிவிட்டது. அதுவரை அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. க்ரீச்... க்ரீச்... நிற்கவே இல்லை. நடுவில் ஒரு தடவை நின்றது. அதுதான் கேட்க முடியாமல் இருந்ததாம்.

செபாஸ்டியன் ஏணியில் ஏறினான். தூளி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையெல்லாம் அவன் கவனிக்கவில்லை. தரையில் துணி விரித்துவிட்டு அறுக்க ஆரம்பித்தான். பொறி பறந்தது. இரும்பு கிறீச்சிட்டது. ஐரீன் கீழே நின்று தூளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழி அசைந்தது.

ஒரு பக்கமாகத் திரும்பியது.

கொக்கி அறுந்தது.

தொம்!

செபாஸ்டியன் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தான். தரையில் ஒரு சாரத் துணி, ஒரு ஸ்பிரிங், ஒரு துண்டு இரும்பு.

"துணிக்கு இவ்ளோ சத்தமா?" என்றான்.

ஐரீன் நிமிர்ந்து பார்த்தாள். சுவர்க்கடிகாரம் மூன்று இருபது காட்டியது. அதைப் பார்த்தது அவளுக்கு நினைவிருக்கிறது. ஏனென்றால் தொலைபேசி மணி அடித்தபோதும் மணி மூன்று இருபதுதான்.

"அக்கா!" சுபாஷினி கத்தினாள். பின்னால் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. "அழுவுறான் அக்கா! கேக்குதா? இத்தன நாள் கழிச்சு இப்பதான் அழுவுறான்! சும்மா படுத்திருந்தவன் தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்ச மாதிரி அழுவுறான்!"

"பாலக் குடு," என்றாள் ஐரீன்.

அறுத்த கொக்கியையும் அந்த ஸ்பிரிங்கையும் தூளியையும் காடியில் போட்டுக்கொண்டு போய், துறைமுகத்துக்கு அப்பால் கடலில் எறிந்தார்கள். "இரும்ப வித்தாலும் நாலு வெள்ளி கெடைக்கும்," என்று செபாஸ்டியன் முனகினான். அறுத்த தழும்பின்மேல் ஐரீன் ஒரு மேகம் வரைந்தாள். அறையின் எதிர்ப்பக்கம் புதிதாகத் துளை போட்டுப் புதுக் கொக்கி, புது ஸ்பிரிங், புதுத் தூளி. இரண்டு சாண் மேலே நின்றது. மறுநாளும் இரண்டு சாண். அதற்கடுத்த நாளும்.

முடிந்தது என்று நினைத்தாள்.

முப்பதாம் நாள் வீடு நிறையக் கூட்டம். செபாஸ்டியனுக்கு வேலை. ஐரீன் மட்டும் போயிருந்தாள். பிள்ளைக்கு ஷர்வின் என்று பெயர் வைத்தார்கள். சுபாஷினிக்கு முகமெல்லாம் பல்.

"அக்கா, நேத்து கிளினிக்ல வெயிட் பாத்தோம். எவ்ளோ சொல்லுங்க? நாலு கிலோ! பத்து நாள்ல! மிஸ்ஸி நம்பாம மூணு தடவ நிறுத்துப் பாத்தாங்க. மொதல்ல வந்த மிஸ்ஸியோட தராசு கெட்டுப் போயிருக்கும்னு அம்மா சொல்றாங்க. ஒரு மாசப் புள்ளைக்கு நாலு கிலோ சரியான எடையாம்."

"சந்தோசம்," என்றாள் ஐரீன்.

பிள்ளையைத் தொட்டிலில் போட்டார்கள். பெண்கள் பாடினார்கள். தூளி இறங்கியது. தலைக்குமேல் சுற்றுகிற பொம்மைகளை வாங்க ஐரீன் நாலு கடை ஏறி இறங்கியிருந்தாள். பிள்ளை அவற்றைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி எதிர்ப்பக்கத்து விட்டத்தையே பார்த்தது. அங்கே இருந்தது ஒரு மேகம்.

அதைப் பார்த்துச் சிரித்தது.

ஐரீன் வெளியே வந்தாள். வரும்போதே மனது தன்பாட்டில் கணக்குப் போட்டது. இருந்தது ரெண்டரை. ஆகியிருப்பது நாலு. ஏறியது ஒன்றரை. தூளியில் இருந்ததும் ஒன்றரை. அவன் இழந்தது அரைதான். அரை அவனுடையது.

வேலியோரம் பக்கத்து வீட்டு காமாரியா அக்கா தட்டில் பலகாரத்தோடு நின்றார். பரம்பரைப் பினாங்குக்காரர், தமிழ் சரளமாகப் பேசுகிற முஸ்லிம் குடும்பம்.

"ரூம் அழகா செஞ்சிருக்கியாமே தங்கச்சி. அந்தப் பழைய கொக்கிய எடுத்துட்டியா? அன்னைக்கு மெஷின் சத்தம் கேட்டுச்சு."

"எடுத்துட்டேன் அக்கா. அது யாரு போட்டது?"

"முன்ன வாடகைக்கு இருந்த புள்ளைங்க. கொரோனா பி.கே.பி. நேரம், ஊரே அடைச்சுக் கெடந்துச்சுல்ல? ஏழு மாசத்துலயே வலி வந்திருச்சு. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள அந்த ரூம்லயே பொறந்திருச்சு. அம்மா உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடந்துச்சு. அதுதான்டா தங்கச்சி, அவசரத்துக்கு ஒரு கொக்கி அடிச்சு, சாரத்தக் கட்டி, புள்ளைய அதுல போட்டு ஆட்டிக்கிட்டே இருந்தோம். நானுந்தான் ஆட்டுனேன். ஆம்புலன்ஸ் வந்தப்ப அம்மாவ மட்டுந்தான் கொண்டு போனாங்க."

ஐரீன் வேலிக்கு இன்னும் அருகில் போனாள்.

"ரொம்பச் சின்னப் புள்ளையா அக்கா?"

"சின்னதா? தூளியிலேருந்து நான்தான் எடுத்தேன். கையில வெச்சா கனமே இல்ல." காமாரியா அக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "ஒரு கிலோ சீனி பாக்கெட் இருக்கும். அவ்ளோதான்."

ஐரீன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா!" பின்னால் சுபாஷினி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "இவ்ளோ செஞ்சிட்டு, தம்பியத் தூக்காமலே போறீங்களே! புடிங்க."

கையில் கொடுத்துவிட்டாள்.

சொல்லியிருக்கலாம். ஐரீன் வாயைத் திறக்கவும் செய்தாள். சுபாஷினியின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் அழுத முகம். மூடிக்கொண்டாள்.

"கனமா இருக்கான்ல அக்கா?"

"ம்."

பிள்ளையின் தலை வலது கையில் இருந்தது. சூடாக இருந்தது. கனம் நன்றாகத் தெரிந்தது.

இடது கை மரத்துப் போயிருந்தது.